காரில் மகனோடு தூங்கும் முன்னாள் ராணுவப் பெண்ணுக்கு உதவி எங்கே கிடைக்கும்?

ஹூஸ்டனில் ஒரு கிடங்கில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு மாலை ஷிஃப்டில் இருக்கும் ஒரு பெண், அமெரிக்கத் தரைப்படையில் நான்கு ஆண்டுகள் இருந்தவர், ஒன்பது வயது மகனோடு காரில் தூங்குவது உங்களுக்குத் தெரியவந்திருக்கிறது. ஷிஃப்ட் முடியும்வரை பையன் ஒரு தோழி வீட்டில் இருக்கிறான், இரவு தங்க அங்கே இடமில்லை. "டிரான்சிஷனல் ஹவுசிங் என்று ஒன்று உண்டாமே, அதில் இவரைச் சேர்க்க முடியுமா?" என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில் சொன்னதுபோல, இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: யாரிடமாவது உதவி கேட்டால் பையனைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் பயப்படுகிறார். எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. பிள்ளையைக் கைவிடாமல் ஒரு கூரைக்குக் கீழே போக வழி உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. முதலில் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.

நான் சென்னையில் சமூகப் பணி படித்துவிட்டு, இப்போது பென்சில்வேனியாவில் வீடில்லாத முன்னாள் ராணுவத்தினருக்கு வீடு தேடித் தரும் தொண்டு நிறுவனத்தில் கேஸ் மேனேஜராகப் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கீழே சொல்லும் மத்திய அரசுத் திட்டங்கள் டெக்சாஸுக்கும் இங்கேயும் ஒன்றுதான். ஆனால் நான் வழக்கறிஞர் இல்லை. குழந்தை நலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதைப் பற்றி நான் சொல்வதை உங்கள் ஊர் இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டெக்சாஸ் 2021இல் தன் குடும்பச் சட்டத்தைத் திருத்தியது. குழந்தையைப் புறக்கணிப்பது என்றால் என்ன என்பதற்கான வரையறை அப்போது இறுக்கப்பட்டது. குழந்தைக்கு உடனடி ஆபத்து இருப்பது காட்டப்பட வேண்டும். குடும்பம் வறுமையில் இருக்கிறது என்பதை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையை எடுத்துப் போகக் கூடாது. ஆகவே வீடில்லாமல் போனதே குற்றம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால், அது சரியல்ல என்று தைரியமாகச் சொல்லுங்கள். அதே நேரம், எதுவும் நடக்காது என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள யாரும் புகார் செய்ய வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். பள்ளி ஆசிரியர், மருத்துவர் மட்டுமல்ல, எல்லோருக்கும் அந்தக் கடமை உண்டு. ஹூஸ்டன் வெயிலில் மூடிய காருக்குள் பையனைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போனால் அது நிஜமான ஆபத்து, அதைப் பார்ப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். தோழி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்து, இரவு தானும் கூடவே இருக்கும் தாயின் நிலை அதுவல்ல. வழி தேடி ஒரு தொலைபேசி எண்ணை அழைத்த தாய் என்பது அவருக்குச் சாதகமான பதிவு. என் வேலையில் இப்படி ஒரு குடும்பம் வந்தால் அன்றைக்கு நாங்கள் தேடுவது தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்க ஓர் அறையைத்தான்.

நான் பார்த்தவரை பிரிவு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சத்தமே இல்லாமல் வருகிறது. "இங்கே பெண்கள் மட்டும்தான்", "பத்து வயதுக்கு மேல் ஆண்பிள்ளை என்றால் முடியாது", "ஒரு குழந்தைக்குத்தான் கட்டில் இருக்கிறது" என்று தங்குமிடம் சொல்லிவிடும். தாய் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கோ, பிரிந்துபோன கணவர் வீட்டுக்கோ அனுப்பிவிட்டுத் தான் மட்டும் உள்ளே போவார். எந்த அதிகாரியும் அங்கே வரவில்லை, எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை. இடம் இல்லாத குறையே அந்தக் குடும்பத்தைப் பிரித்துவிட்டது. அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இது தற்செயலாக நேர்ந்ததல்ல. வீடில்லாத முன்னாள் ராணுவத்தினருக்கான திட்டங்களை வடிவமைத்தபோது அதிகாரிகளின் கண்முன் இருந்தவர் தனியாக இருக்கும் ஆண், பெரும்பாலும் வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். வரிசையாகக் கட்டில் போட்ட கூடம், பொதுக் குளியலறை, இரவில் ஒரு காவலர் என்று இருந்தால் போதும் என்று கட்டினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2011 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை இதை வெளிப்படையாகச் சொன்னது. பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் இடைக்கால இல்லங்களை (நீங்கள் கேட்ட டிரான்சிஷனல் ஹவுசிங் இதுதான்) கணக்கெடுத்தபோது அவற்றில் 60 விழுக்காட்டுக்கு மேல் குழந்தைகளைச் சேர்ப்பதே இல்லை. சேர்த்தவற்றிலும் பெரும்பாலானவை வயதுக்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு வைத்திருந்தன. முன்னாள் ராணுவத்தினர் துறை, இங்கே எல்லோரும் வி.ஏ. என்பது, 2006இல் அடையாளம் கண்ட வீடில்லாத பெண்கள் 1,380 பேர். 2010இல் அது 3,328. இரட்டிப்புக்கும் மேல். இது அந்தத் துறையின் கதவைத் தட்டியவர்களின் கணக்கு மட்டும் என்பதையும் அறிக்கையே சொல்லிவிடுகிறது.

அதன்பின் சில மாறின. இடைக்கால இல்லம் நடத்தும் நிறுவனத்துக்கு வி.ஏ. ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பணம் தருகிறது. முன்பு பிள்ளைக்கு என்று எதுவும் கிடையாது, ஆகவே பிள்ளையைச் சேர்ப்பது நிறுவனத்துக்கு நஷ்டம். இப்போது தாயோடு தங்கும் ஒவ்வொரு சிறுவருக்கும் பெரியவருக்கான தொகையில் பாதி கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி ஓடுபவரையும் வீடில்லாதவராகக் கருத வேண்டும் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. பெண் முன்னாள் ராணுவத்தினருக்கான டெபோரா சாம்ப்சன் சட்டம் 2021 ஜனவரியில் கையெழுத்தானது. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் கட்டடம் மாறிவிடாது. குடும்பத்துக்கு ஏற்ற அறைகள் இன்னும் ஊருக்கு ஊர் ஏற்றத்தாழ்வோடுதான் இருக்கின்றன.

ராணுவத்தில் இருந்தவருக்கு எப்படி வீடில்லாமல் போகும் என்று உங்கள் கேள்விக்குக் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நம் ஊரில் எக்ஸ்-சர்வீஸ்மேன் என்றால் பென்ஷன், கேன்டீன் கார்டு, அரசு வேலையில் ஒதுக்கீடு என்றுதான் மனதில் வரும். அமெரிக்காவில் 20 ஆண்டு பணி முடித்தால்தான் வழக்கமான ஓய்வூதியம். நான்கு ஆண்டில் வெளியே வந்தவர் நம் அக்னிவீர் போலத்தான், மாதாமாதம் எதுவும் வராது. பணியின்போது உடலிலோ மனதிலோ பாதிப்பு ஏற்பட்டது என்று வி.ஏ. ஒப்புக்கொண்டால் அதற்கான இழப்பீட்டுத் தொகை கிடைக்கும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், நிரூபிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். அதற்குள் வாடகை ஏறிவிடும், கார் பழுதாகும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து வேலை போகும்.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. ராணுவத்தில் இருந்தபோது சக வீரராலோ மேலதிகாரியாலோ பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் நிறைய. வி.ஏ. மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்கிறார்கள். பெண்களில் மூன்றில் ஒருவர் ஆம் என்கிறார். சிகிச்சைக்கு வந்தவர்களிடம் கேட்டது இது, பணியாற்றிய எல்லாப் பெண்களுக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸில் டோனா வாஷிங்டன் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு, வீடில்லாத பெண் முன்னாள் ராணுவத்தினரையும் வீடுள்ளவர்களையும் ஒப்பிட்டது. வீடில்லாதவர்களில் 53 விழுக்காட்டினர் பணியின்போது பாலியல் தாக்குதலுக்கு ஆளாகியிருந்தார்கள், வீடுள்ளவர்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர். ஆனால் வீடில்லாத பெண்கள் அதில் 33 பேர்தான், ஊரும் ஒன்றுதான். தொடர்பு இருக்கிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். எதனால் எது வந்தது என்பதை இந்த ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. வேலையின்மை, உடல் ஊனம், மனப்பதற்றம் எல்லாம் அதே ஆய்வில் பின்னிக்கொண்டுதான் வருகின்றன.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம், ஷெல்டருக்கு ஏன் போகவில்லை என்று கேட்டு அவரை நெருக்கிவிடக் கூடாது என்பதுதான். ஆண்களும் பெண்களும் ஒரே தாழ்வாரத்தில் நடக்கும், கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லாத ஓர் இடம், சிலருக்கு மீண்டும் அதே ராணுவக் குடியிருப்புக்குள் நுழைவதுபோல இருக்கும். கார் கதவையாவது உள்ளேயிருந்து பூட்ட முடியும். அது பாதுகாப்பைத் தேடும் ஒரு பெண்ணின் கணக்கு, அதை மதிக்க வேண்டும். உங்கள் தோழிக்கு அப்படி எதுவும் நடந்திருக்கிறதா என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். அவராகச் சொன்னால், இதற்கான சிகிச்சையை வி.ஏ. இலவசமாகத் தருகிறது, அப்போது புகார் கொடுத்திருக்க வேண்டும் என்றோ ஆவணம் காட்ட வேண்டும் என்றோ இல்லை, மற்ற வி.ஏ. சிகிச்சைக்குத் தகுதி இல்லாதவருக்கும் இது உண்டு என்று மட்டும் சொல்லுங்கள்.

இதே காரணங்களால்தான் இவர்கள் கணக்கில் வருவதில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் ஓர் இரவு நாடு முழுக்க வீடில்லாதவர்களை எண்ணுகிறார்கள். 2010இல் 74 ஆயிரத்துக்கு மேல் இருந்த முன்னாள் ராணுவத்தினர் எண்ணிக்கை 2024 ஜனவரியில் 32,882. உண்மையான சாதனை அது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் ஹூஸ்டன் அதில் முன்னோடி. அவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர் அளவில்தான் வருகிறார்கள். ஆனால் அந்த இரவில் தெருவிலும் ஷெல்டரிலும் இருப்பவரைத்தான் எண்ணுகிறார்கள். பிள்ளையோடு ஒருவர் வீட்டுச் சோபாவில் இரண்டு வாரம், இன்னொருவர் வீட்டில் பத்து நாள் என்று நகர்ந்துகொண்டிருக்கும் பெண் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பெண்கள் எண்ணிக்கையை யார் சொன்னாலும் குறைந்தபட்சக் கணக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இடைக்கால இல்லம் என்றால் என்ன. பெரும்பாலானவை ஜி.பி.டி. என்ற வி.ஏ. திட்டத்தின் பணத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை. அதிகபட்சம் 24 மாதம் தங்கலாம். சில இடங்களில் வீடு கிடைக்கும்வரை என்று 90 நாள் அளவில் முடித்துவிடுவார்கள். வருமானம் இருந்தால் அதில் 30 விழுக்காடு வரை கட்டணம் கேட்கலாம். கேஸ் மேனேஜர் ஒருவர் இருப்பார். மனநலச் சிகிச்சை, வேலை தேடல், கடன் சீரமைப்பு என்று வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுவார். விதிகளும் இருக்கும்: இரவு இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், வெளியாள் அறைக்கு வரக் கூடாது, சில இடங்களில் போதைப் பரிசோதனை.

எங்கள் பக்கத்தில் கோட்ஸ்வில் வி.ஏ. மருத்துவமனை வளாகத்தில் பெண்களுக்கென்றே ஓர் இல்லம் 2005இல் தொடங்கியது, 30 படுக்கைகள். மேரி வாக்கர் பெயரை வைத்தார்கள். உள்நாட்டுப் போரில் அறுவை மருத்துவராக இருந்தவர், அமெரிக்காவின் உச்ச ராணுவ விருதைப் பெற்ற ஒரே பெண். 1865இல் கொடுத்த விருதை 1917இல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், 1977இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். வர்ஜீனியாவில் ஜாஸ் பூத் என்ற ராணுவ அதிகாரி 2010இல் ஃபைனல் சல்யூட் என்ற அமைப்பைத் தொடங்கி, குழந்தைகளோடு வரும் பெண்களுக்கு வீடு கொடுத்தார். அவரே 2005இல் கத்ரீனா புயலில் வீட்டை இழந்து, அதே ஆண்டு புற்றுநோயும் கண்டு, தனித் தாயாகத் தவித்தவர். பிள்ளையோடு வரும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதை அவர் வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்படிச் சொன்னாலும், உங்கள் தோழிக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது இடைக்கால இல்லம் அல்ல. அவருக்கு வேலை இருக்கிறது. தேவைப்படுவது முன்பணம், முதல் மாத வாடகை, பழைய பாக்கி இருந்தால் அதைத் தீர்க்க ஒரு தொகை. அதற்கென்றே எஸ்.எஸ்.வி.எஃப். என்ற திட்டம் 2011 முதல் நடக்கிறது. குறைந்த வருமானமுள்ள முன்னாள் ராணுவக் குடும்பங்களுக்கானது. பணத்தை அவர் கையில் தர மாட்டார்கள், வீட்டுக்காரருக்கும் மின்வாரியத்துக்கும் நேரே கட்டுவார்கள். வீடு கிடைக்கும்வரை சில நாள் மோட்டல் செலவும், தேவையென்றால் குழந்தைப் பராமரிப்புச் செலவும் இதில் அடங்கும். இன்னொன்று ஹட்-வாஷ். வீட்டுவசதித் துறை வாடகை வவுச்சர் தரும், வி.ஏ. தன் சமூகப் பணியாளரைத் தரும். குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 விழுக்காட்டைக் கட்டும், மீதியை வவுச்சர் பார்த்துக்கொள்ளும். உடல்நலச் சிக்கலும் நீண்டகாலத் துணையும் தேவைப்படுபவர்களுக்கு முன்னுரிமை. இதில் நடைமுறைச் சிக்கல் வீட்டுக்காரர்கள்தான். டெக்சாஸில் வவுச்சர் வேண்டாம் என்று பெரும்பாலும் சட்டப்படியே மறுத்துவிட முடியும்.

ஏன் நேரடி வீட்டை முன்னால் வைக்கிறேன் என்று கேட்கலாம். வீட்டுவசதித் துறை 12 ஊர்களில் 2,282 குடும்பங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. குலுக்கல் முறையில் சிலருக்கு நீண்டகால வவுச்சர், சிலருக்குக் குறுகிய கால வாடகை உதவி, சிலருக்கு இடைக்கால இல்லம், மற்றவர்களுக்கு வழக்கமான ஷெல்டர். மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் வவுச்சர் கிடைத்த குடும்பங்களே நன்றாக நின்றன. முதல் 20 மாதத்தில் அந்தக் குடும்பங்களில் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிவதும், குடும்ப வன்முறையும் கணிசமாகக் குறைந்திருந்தன. இடைக்கால இல்லத்துக்குப் போனவர்கள் பெரும்பாலான அளவுகோல்களில் ஷெல்டர் குடும்பங்களிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. ஆனால் இது முன்னாள் ராணுவத்தினரை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வு அல்ல. போர்க் காயமும் பாலியல் வன்முறையின் பாதிப்பும் உள்ள பெண்களுக்கு இதே முடிவு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் அனுபவத்தில் மூன்று வகைப் பெண்களுக்கு இடைக்கால இல்லம் உண்மையாகவே உதவியிருக்கிறது: அடிக்கும் கணவரிடமிருந்து முகவரி மறைத்து இருக்க வேண்டியவர்கள், போதைப் பழக்கத்திலிருந்து அண்மையில் மீண்டு தனியாக இருக்கப் பயப்படுபவர்கள், இரவில் தூக்கமே வராத அளவுக்கு மனம் உடைந்து வந்தவர்கள். இவர்களுக்குப் பக்கத்து அறையில் ஆள் இருப்பதே மருந்து. உங்கள் தோழி இதில் ஒருவரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

எங்கே தொடங்குவது என்றால், வீடில்லாத முன்னாள் ராணுவத்தினருக்கான தேசிய அழைப்பு மையம், 877-424-3838. இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், இலவசம். நண்பர் என்ற முறையில் நீங்களும் அழைத்து விசாரிக்கலாம், அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்களுக்கென்று தனி எண் 855-829-6636, குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஒவ்வொரு வி.ஏ. மருத்துவமனையிலும் பெண் முன்னாள் ராணுவத்தினருக்கென ஒரு மேலாளர் இருக்கிறார், ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி மருத்துவமனையில் அவரைக் கேட்கலாம். மனம் மிகவும் சோர்ந்து உயிரை விட்டுவிடலாம் என்று பேசினால் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தச் சொல்லுங்கள்.

அழைக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று. "நீங்கள் வெட்டரனா?" என்று கேட்டால் பல பெண்கள் இல்லை என்றே சொல்லிவிடுகிறார்கள். போருக்குப் போகவில்லை, அலுவலகத்தில் கணக்கு எழுதினேன், கிடங்கு பார்த்தேன், அது எனக்குப் பொருந்தாது என்று நினைப்பு. நாங்கள் "எப்போதாவது ராணுவத்தில் பணியாற்றினீர்களா?" என்றுதான் கேட்கப் பழகியிருக்கிறோம். அவர் பணிக்காலத்தைச் சொன்னால் போதும், போர் அனுபவம் தேவையில்லை. அதேபோல், எந்த இரவு எங்கே தூங்கினார் என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். காரில் கழித்த இரவுகள் வீடில்லாத நிலையாகக் கணக்காகும். சொந்தக் காசில் மோட்டலில் தங்கிய இரவுகள் பெரும்பாலும் அப்படிக் கணக்காகாது. வெட்கப்பட்டு "மோட்டலில்தான் இருக்கிறோம்" என்று சொல்லி, தகுதியை இழந்தவர்கள் உண்டு.

காகிதம் இல்லை என்று அழைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். ராணுவத்திலிருந்து விடுவித்ததற்கான டிடி-214 சான்றிதழ் தொலைந்திருந்தால் செயின்ட் லூயிஸில் உள்ள ஆவணக் காப்பகத்திலிருந்து மறுபிரதி வாங்கலாம். அதற்கு முன்பே வி.ஏ.வின் கணினிப் பதிவில் பார்த்து அவர் பணியாற்றினாரா என்று எங்களால் சரிபார்க்க முடியும். விடுவிப்பு நல்ல முறையில் இல்லை, அதனால் எனக்கு எதுவும் கிடைக்காது என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். மரியாதைக்குறைவான விடுவிப்பு என்ற கடைசி நிலை, ராணுவ நீதிமன்றத் தண்டனை, இவை நீங்கலாக மற்றவர்களுக்கு எஸ்.எஸ்.வி.எஃப்., ஜி.பி.டி. இரண்டும் திறந்திருக்கின்றன, 2021இலிருந்து ஹட்-வாஷும். பாலியல் வன்முறைக்குப் பின் நடத்தை சரியில்லை என்று வெளியே அனுப்பப்பட்ட பெண்கள் அந்த முத்திரையை மாற்றக் கோரி மனுச் செய்யலாம். அத்தகைய மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்கச் சொல்லி 2017இல் பாதுகாப்புத் துறை எழுத்தில் வழிகாட்டியிருக்கிறது. அது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை, வீட்டுக்கான விண்ணப்பத்தை அதற்காகக் காக்க வைக்காதீர்கள்.

ஒருவேளை இடைக்கால இல்லம்தான் கிடைத்தது என்றால், சரி சொல்வதற்கு முன் அவர் கேட்க வேண்டியவை சில. பையன் கூடவே அதே அறையில் இருப்பானா, அவனுக்கு வயது ஏற ஏற வெளியே அனுப்பச் சொல்வார்களா? கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, குளியலறை யாரோடு பகிர்வு, இரவுப் பணியில் பெண் ஊழியர் இருக்கிறாரா? மாலை ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் வருபவருக்கு நேர விதியில் விலக்கு தருவார்களா? இது சின்ன விஷயமல்ல. நேர விதிக்காக வேலையை விட்டு, வேலை இல்லாததால் வீடு கிடைக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியாக, இங்கிருந்து வெளியேறும்போது எங்கே போவோம் என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கிறதா? சில இடங்களில், தங்கியிருக்கும் அபார்ட்மென்டின் வாடகை ஒப்பந்தத்தையே தாயின் பெயருக்கு மாற்றிவிட்டு நிறுவனம் விலகிக்கொள்ளும். பிள்ளை பள்ளி மாற வேண்டாம், பெட்டி கட்ட வேண்டாம். அந்த வகை கிடைத்தால் விடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது பற்றி. அவரைக் கேட்காமல் அவர் பெயரில் எங்கும் அழைக்காதீர்கள். படம் போட்டு நிதி திரட்டும் பக்கம் தொடங்காதீர்கள். அந்தப் படம் வேலை கொடுத்தவரிடமும், அவர் யாரிடமிருந்தாவது தப்பி வந்திருந்தால் அந்த ஆளிடமும் போய்ச் சேரலாம். ஷிஃப்ட் இடைவேளையில் தனியாக இருக்கும்போது எண்ணை எழுதிக் கொடுத்து, "நான் விசாரித்தேன், பையனோடு சேர்ந்தே கேட்கலாமாம்" என்று சொன்னால் போதும். தொலைபேசியில் காத்திருக்கும் நேரம் நீளமாக இருக்கும். அந்த நேரம் பையனை நீங்கள் பார்த்துக்கொள்ள முடிந்தால் அது பெரிய உதவி.

வி.ஏ. பெயரைக் கேட்டாலே வேண்டாம் என்கிறார் என்றால், ராணுவத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வழியும் இருக்கிறது. மெக்கின்னி-வென்டோ என்ற 1987ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, வீடில்லாத பிள்ளை தான் படித்துக்கொண்டிருந்த பள்ளியிலேயே தொடரலாம். முகவரிச் சான்று கேட்டு அவனைத் திருப்பி அனுப்பக் கூடாது, போக்குவரத்தும் பள்ளி மாவட்டத்தின் பொறுப்பு. ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென ஒரு தொடர்பாளர் இருக்கிறார். மதிய உணவு, புத்தகப் பை, அந்த ஊரில் குடும்பமாகச் சேர்த்துக்கொள்ளும் ஷெல்டர்களின் பட்டியல் எல்லாம் அவர் கையில் இருக்கும். 211 என்ற எண்ணிலும் அந்தப் பட்டியல் கிடைக்கும். பள்ளி வழியாக வருபவர்களில் சிலர், இரண்டு மூன்று வாரம் கழித்து, தாங்களாகவே எங்கள் அலுவலகத்துக்கு அழைப்பதும் உண்டு. எஸ்.எஸ்.வி.எஃப். விண்ணப்பம் எழுதும்போது எந்தக் கேள்வியிலாவது தடுமாறினால் இதே இடத்தில் கேளுங்கள். அவருடைய பெயரும் ஊர்ப் பகுதியும் இல்லாமல் எழுதுங்கள்.